குன்னூரிலிருந்து லண்டனுக்கு 6 அணா: 1876-ல் இந்தியா அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்ததை ஒரு கவரில் எப்படிப் படிப்பது?

சீகூர்

நண்பர்களுக்கு வணக்கம். தபால்தலைக் கண்காட்சிக்காக நீலகிரித் தபால் வரலாற்றை ஒற்றைச் சட்டகத்தில், 16 பக்கத்துக்குள் அடக்கும் வேலை நடக்கிறது. அதில் நடுநாயகமாக வரவேண்டிய கவர் பற்றி இரண்டு சந்தேகம்.

கவர் விவரம்: குன்னூர், 1877 மார்ச். லண்டன் முகவரி. 6 அணா அஞ்சல்தலை ஒன்று, அதன் காகிதத்தில் யானைத்தலை நீர்க்குறி. இடது மேல்மூலையில் மையால் 'வியா பிரிண்டிசி' (இத்தாலியின் பிரிண்டிசி வழியாக). பின்பக்கம் பம்பாய் முத்திரை, அதன் கீழே பாதி பதிந்த 'சீ போஸ்ட் ஆபீஸ்' (கடல் தபால் நிலையம்) முத்திரை, சிவப்பில் லண்டன் முத்திரை.

தலைப்பு 'உலக அஞ்சல் ஒன்றியக் கட்டணம்' என்று போட்டாயிற்று. ஆனால் கணக்கு உதைக்கிறது. ஒன்றியக் கட்டணம் 15 கிராமுக்கு 25 சென்டைம் (பிராங்கில் நூறில் ஒரு பங்கு சென்டைம்), அதாவது 2½ பென்ஸ். 6 அணா அதற்கு மூன்று மடங்கு. இது எப்படி ஒன்றியக் கட்டணம்?

இரண்டாவது, 1876 ஜூலை 1 அன்று இந்தியா 'தனி உறுப்பினராக' சேர்ந்தது என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. வைஸ்ராய் ஆண்ட நாட்டுக்குத் தனி உறுப்பினர் என்றால் அதற்கு என்ன பொருள்? பக்கத்தில் ஒரு வரி எழுதவேண்டும், தப்பாக எழுதிவிடக்கூடாது.

ஜக்கதளா

முதலில் தலைப்பை மாற்றுங்கள் சீகூர். 1877-ல் 'உலக அஞ்சல் ஒன்றியம்' கிடையாது. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் உண்டாக்கியது 'பொது அஞ்சல் ஒன்றியம்'. 1875 ஜூலை 1 முதல் நடைமுறை. 1878-ல் பாரிஸ் மாநாட்டில்தான் 'உலக' என்று பெயர் மாறியது, அதுவும் 1879 ஏப்ரல் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. கண்காட்சி நடுவர் முதலில் கைவைக்கும் இடமே இதுதான்.

இப்போது கணக்கு. பெர்ன் ஒப்பந்தம் 25 சென்டைமைப் பொதுக் கட்டணமாக வைத்தது. இடைக்கால வசதியாக 20 முதல் 32 சென்டைம் வரை அவரவர் நாணயத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். 300 கடல் மைலுக்கு மேல் கப்பலில் போனால் கூடுதல் கட்டணம் உண்டு, ஆனால் அது பொதுக் கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. அடுத்தவர் கப்பலில் கடிதம் போனால் கப்பல்காரருக்குக் கொடுக்கவேண்டிய உச்சத்தொகை கிலோவுக்கு 6.50 பிராங்க்.

இந்த விதிகள் ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதியவை. மத்தியதரைக் கடலைத் தாண்ட 6.50 சரி. பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக வருகிற கப்பலுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் இந்தியாவைச் சேர்ப்பதற்கென்றே 1876 ஜனவரியில் பெர்னில் தனியாகக் கூடினார்கள். ஜனவரி 27 அன்று கையெழுத்து. பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சுக் காலனிகளும் ஒரே ஏற்பாட்டில், ஒரே நாளில், 1876 ஜூலை 1 அன்று உள்ளே வந்தன. ஆக, புதுச்சேரியும் குன்னூரும் ஒன்றியத்துக்குள் வந்த தேதி ஒன்றே. கடல் கட்டணத்துக்குத் தனிச் சலுகையோடுதான் இந்தியா சேர்ந்தது, உங்கள் 6 அணா அந்தச் சலுகைக்குள் வருகிறது.

லவ்டேல்

ஜக்கதளா சொன்னதோடு நாணயக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதிதான் புரியும்.

ஒன்றியம் தங்க பிராங்கில் கணக்குப் பார்த்தது. இந்தியா வெள்ளி ரூபாயில் வசூலித்தது. 1870-களில் வெள்ளி விலை சரிந்துகொண்டே போனது. முன்பு ஏறக்குறைய 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய், இந்தக் கவர் போன காலத்தில் சுமார் 1 ஷில்லிங் 9 பென்ஸ், அதாவது 21 பென்ஸ். அதை ரூபாயின் 16 அணாவால் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 7.9 பென்ஸ். லண்டனிலிருந்து பிரிண்டிசி வழியாக இந்தியாவுக்கு அப்போது 8 பென்ஸ். இரண்டு முனையிலும் ஒரே விலை வைக்கத்தான் 6 அணா. 1876-ல் 6 அணாத் தலையும் 12 அணாத் தலையும் சேர்ந்து வந்த காரணமும் இதுதான், 12 என்பது இரட்டை எடைக்கு.

இதே கணக்கைப் பிற்காலத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். 1878 பாரிஸ் ஒப்பந்தம் கடல் போக்குவரத்துக்குக் கிலோவுக்கு 15 பிராங்க் என்றது. கடிதத்துக்குக் கூடுதல் கட்டணம் 25 சென்டைம் வரை. ஆக உச்சம் 50 சென்டைம், அதாவது 5 பென்ஸ். 1886-ல் 4 அணா 6 பைத் தலை வந்தபோது ரூபாய் சுமார் 1 ஷில்லிங் 5½ பென்ஸ். 4½ அணா என்றால் 4.9 பென்ஸ். வரம்பை ஒட்டி நிற்கிறது பாருங்கள். அரை அவுன்ஸ் என்பது 14.17 கிராம், கிலோவுக்கு 15 பிராங்க் வீதம் ஒரு முழு எடைக் கடிதத்தின் கடல் செலவு சுமார் 21 சென்டைம். வாங்கின 25 சென்டைம் கூடுதலில் பெரும்பகுதி கப்பலுக்குப் போய்ச் சேர்கிறது.

தபால் கார்டில் இன்னும் தெளிவு. பாரிஸ் விதிப்படி கார்டு 10 சென்டைம், கடல் கூடுதல் 5, மொத்தம் 15. இந்தியா 1879-ல் வெளியிட்ட வெளிநாட்டுக் கார்டு 1½ அணா, நீலம். உள்நாட்டுக் கார்டு கால் அணா. ஊட்டியிலிருந்து சென்னைக்கு ஆறு கார்டு போடுகிற காசில் லண்டனுக்கு ஒன்று.

கட்டபெட்டு

கணக்கெல்லாம் சரிங்க. ஆனா சீகூர் கேட்ட ரெண்டாவது கேள்விய யாரும் தொடலையே.

தனி உறுப்பினர், தனி ஓட்டுன்னு சொல்றதெல்லாம் பிரிட்டனுக்குக் கூடுதலா ஒரு ஓட்டு, அவ்வளவுதான். பிரான்சுக்கும் காலனி ஓட்டு, போர்ச்சுகலுக்கும் காலனி ஓட்டு, ஸ்பெயினுக்கும் அப்படியே. பெரிய நாடுகள் ஆளுக்கொரு ஓட்டைக் கூட்டிக்கிட்டாங்க. இதை 'இந்தியா குரல் பெற்றது'ன்னு எழுதினா படிக்கிறவன் சிரிப்பான்.

ஜக்கதளா

கட்டபெட்டு அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன். போர்ச்சுகீசு, டேனிஷ், ஸ்பானிஷ் காலனிகளுக்கு அது அப்பட்டமான கூடுதல் ஓட்டுதான். இந்தியா விஷயம் கொஞ்சம் வேறு.

தந்தியைப் பாருங்கள். 1868-ல் வியன்னாவில் தந்தி மாநாடு. பிரிட்டிஷ் இந்தியா அதில் கலந்துகொண்டு 1869 ஜனவரி 1 முதல் சர்வதேசத் தந்தி ஒன்றியத்தில் உறுப்பினர். பிரிட்டன் உறுப்பினரானது 1871-ல். காலனி முதலில், ஆண்ட நாடு பின்னால்! காரணம் ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. இந்தியாவில் தந்தி அரசாங்கத்தின் கையில். பிரிட்டனில் 1870 வரை தனியார் கம்பெனிகள் கையில். ஒன்றியம் அரசு நிர்வாகங்களைத்தான் சேர்த்துக்கொண்டது. கம்பி யாருடையதோ அவருக்குத்தான் நாற்காலி.

தபாலிலும் அதே தர்க்கம். 1854 சட்டத்திலிருந்து இந்திய அஞ்சல் துறைக்குத் தனி டைரக்டர் ஜெனரல், தனித் தலை, தனிக் கணக்குப் புத்தகம். பெர்ன் ஒப்பந்தத்தின் மையக் கொள்கையே 'வசூலித்தவன் வைத்துக்கொள்வான்' என்பது. அனுப்பும் நாடு வாங்கிய கட்டணத்தில் சேரும் நாட்டுக்குப் பங்கு கிடையாது. நடுவில் சுமந்தவனுக்கு மட்டும் கிலோ கணக்கில் கூலி. சீகூரின் 6 அணா முழுவதும் இந்தியக் கஜானாவுக்கு, ஆனால் பம்பாய்க்கு அப்பால் ஆகும் செலவில் இந்தியாவுக்கும் பொறுப்பு உண்டு. பி அண்ட் ஓ கப்பல் கம்பெனிக்குக் கொடுத்த மானியத்தை இரண்டு கஜானாவும் பங்கிட்டுக்கொண்டன, யார் எவ்வளவு என்பதில் எப்போதும் இழுபறி. இப்படிப் பணம் கைமாறும் இடத்தில் இரண்டு தரப்பின் நலன் ஒன்றாக இருக்காது. அதனால்தான் தனிக் கையெழுத்து தேவைப்பட்டது.

1878 பாரிஸ் ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பக்கம் இதைக் காட்டுகிறது. கனடாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் ஆடம்ஸ், பேஜ், மக்லீன் என்ற மூன்று பேர். அதே மூன்று பேர்தான் பிரிட்டனுக்கும் பிரதிநிதிகள். இந்தியாவுக்குக் கையெழுத்திட்டவர் பிரெடரிக் ஹாக், தனியாக. அவர் பின்னால் இந்திய அஞ்சல் துறையின் டைரக்டர் ஜெனரலாகவே இருந்தவர்.

கட்டபெட்டு

ஹாக் வெள்ளைக்காரர்தானே? கோத்தகிரி சந்தையில உருளைக்கிழங்கு விக்கிறவனுக்கு அவர் என்ன குரல் கொடுத்தாரு?

ஜக்கதளா

ஒரு குரலும் கொடுக்கவில்லை. அது மக்கள் குரல் என்று நானும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தின் குரல் என்கிறேன். சீகூர் தன் வரியில் 'இந்திய அஞ்சல் நிர்வாகம் தனி உறுப்பினராகச் சேர்ந்தது' என்று எழுதினால் நீங்களும் மறுக்கமாட்டீர்கள், நானும் மறுக்கமாட்டேன்.

குந்தா

மற்ற காலனிகளோடு ஒப்பிட்டால் இந்தியாவின் இடம் இன்னும் விளங்கும்.

இலங்கை 1877 ஏப்ரல் 1 அன்று ஒன்றியத்துக்குள் வந்தது. கூடவே ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், ஹாங்காங், மொரிஷியஸ், லபுவான், டிரினிடாட், ஜமைக்கா எல்லாம் ஒரே கும்பலாக. இவற்றுக்குத் தனி ஓட்டு இல்லை. பாரிஸ் ஒப்பந்தத்தில் 'பிரிட்டனும் பல்வேறு ஆங்கிலக் காலனிகளும்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. அதே ஒப்பந்தத்தில் 'தனி நாடாகக் கருதப்படும்' என்று ஏழு பெயர்: பிரிட்டிஷ் இந்தியப் பேரரசு, கனடா, அப்புறம் டேனிஷ், ஸ்பானிஷ், பிரெஞ்சு, டச்சு, போர்ச்சுகீசுக் காலனித் தொகுதிகள். பிரிட்டிஷ் கொடிக்குக் கீழ் இருந்தவற்றில் இந்தியாவும் கனடாவும் மட்டுமே. கூடலூர், கோத்தகிரி பக்கம் கொழும்பு, கண்டி கவர்கள் சேகரிக்கிறவர்கள் கவனிக்க: இலங்கை தன் பெயரில் தனி உறுப்பினரானது 1949 ஜூலை 13 அன்றுதான்.

ஆஸ்திரேலியக் காலனிகள் வேறு வழியில் போனார்கள். வெளியே நின்றுகொண்டு பேரம் பேசினார்கள். ஆளுக்கொரு ஓட்டு வேண்டும், நீண்ட கடல்வழிச் செலவில் கை கடிக்கக்கூடாது என்பது அவர்கள் நிலை. 1891 வியன்னா மாநாட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓட்டுத்தான் கிடைத்தது. அக்டோபர் 1 முதல் உள்ளே வந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி 1895-ல்.

இதனால் சேகரிப்பாளருக்கு ஒரு பாடம் உண்டு: 1880-களில் ஊட்டியிலிருந்து மெல்பர்னுக்குப் போன கவரையும் லண்டனுக்குப் போன கவரையும் ஒரே கட்டணப் பட்டியலில் வைத்துப் பார்க்கக்கூடாது. மெல்பர்ன் அப்போது ஒன்றியத்துக்கு வெளியே.

இதில் நம்மூர் ஆட்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்று, மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் அஞ்சல். 1888 முதல் சொந்தத் தலை அச்சிட்டது. கொச்சி 1892 முதல். தலை உண்டு, அஞ்சல்காரர் உண்டு, ராஜாவும் உண்டு. ஆனால் அந்தத் தலை சமஸ்தான எல்லைக்குள் மட்டுமே செல்லும். அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் போட பிரிட்டிஷ் இந்தியத் தலைதான் ஒட்டவேண்டும். மைசூர் அஞ்செ (அந்தச் சமஸ்தானத்தின் தபால்) 1889-ல் பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு கலந்தேவிட்டது.

கட்டபெட்டு

இது நல்லா இருக்குங்க. ராஜாவுக்கே இல்லாத நாற்காலி தபால் டைரக்டர் ஜெனரலுக்கு! சரி, 'நிர்வாகம்'ன்னு எழுதினா எனக்கு ஆட்சேபணை இல்லை.

சீகூர்

எல்லோருக்கும் நன்றி. இனி நடைமுறைக்கு வருவோம். கட்டணம் 6 அணா என்று தெரிகிறது. ஆனால் இந்தக் கவர் ஒற்றை எடையா, தலை ஏதாவது விழுந்துபோயிருக்கிறதா, 'வியா பிரிண்டிசி' பிறகு யாராவது எழுதியதா என்று எப்படி உறுதி செய்வது?

லவ்டேல்

வரிசையாகச் சொல்கிறேன், கவரைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

முதலில் வழி. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்துவிட்டது, ஆனால் மலைரயில் குன்னூருக்கு 1899-ல்தான், ஊட்டிக்கு 1908-ல். எனவே 1877 கவர் குன்னூரிலிருந்து மலைப்பாதையில் கீழே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி, போத்தனூர், அரக்கோணம், ராய்ச்சூர் வழியாகப் பம்பாய் சேர்ந்திருக்க வேண்டும். சென்னை ரயிலும் பம்பாய் ரயிலும் ராய்ச்சூரில் இணைந்தது 1871-ல். குன்னூர்த் தேதிக்கும் பம்பாய்த் தேதிக்கும் இடையே நாலைந்து நாள் இருந்தால் இயல்பு. அதே நாள் பம்பாய் முத்திரை இருந்தால் அந்தக் கவரை நம்பாதீர்கள்.

அடுத்து கடல் தபால் நிலைய முத்திரை. பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பலிலேயே தபால் பிரிப்பவர்கள் உட்கார்ந்து கட்டுக் கட்டினார்கள். 1868-ல் தொடங்கியது, 1914-ல் போர் வந்ததும் நின்றது. அந்த முத்திரையில் தேதியோடு ஓர் எழுத்து இருக்கும், அது எந்தக் குழு பிரித்தது என்பதைக் காட்டும். தேதி பம்பாய் முத்திரைக்கு அதே நாளோ அடுத்தடுத்த நாட்களோ இருக்கவேண்டும். பாதி பதிந்தது குறையே இல்லை. ஆடும் கப்பலில் அடித்தது அப்படித்தான் இருக்கும். முழுசாக, அழகாக, நடுவில் பதிந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பிரிண்டிசி வழி என்றால் கப்பல் எகிப்திலேயே தபாலை இறக்கிவிடும். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி, அங்கிருந்து ரயிலில் ஆல்ப்ஸ் சுரங்கம், பிரான்ஸ், பிறகு லண்டன். சவுத்தாம்டன் வழி முழுக்கக் கடல், மெதுவாகப் போகும், கட்டணமும் குறைவு. இரண்டுக்கும் லண்டன் சேரும் நாளில் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். எனவே 'வியா பிரிண்டிசி' என்ற எழுத்தை மையின் நிறத்தால் சோதிக்காதீர்கள், தேதியால் சோதியுங்கள். பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே மூன்று வாரத்துக்குள் என்றால் எழுத்து சொல்வது உண்மை.

எடை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்தக் காலத்து இந்தியத் தபால் நிலையத்தில் இரண்டு எடைக்கல் வரிசை. உள்நாட்டுக்குத் தோலா, வெளிநாட்டுக்கு அவுன்ஸ். அரைத் தோலா 5.83 கிராம், அரை அவுன்ஸ் 14.17 கிராம். ஒரே கடிதம் உள்நாட்டில் மூன்று படிக் கட்டணமும் வெளிநாட்டில் ஒரு படிக் கட்டணமும் பெறலாம். கவரின் மேல் பென்சிலில் சின்னதாக ஓர் எண் இருந்தால் அதைத் தோலா என்று படித்துக் குழம்பாதீர்கள். ஒற்றை 6 அணாத் தலை, 'டி' முத்திரை (தலை குறைவு என்று காட்டுவது) இல்லை, லண்டனில் வசூல் குறி இல்லை என்றால் அது அரை அவுன்ஸுக்குள் இருந்த கடிதம், கட்டணம் முழுசாகக் கட்டியாயிற்று.

தலை விழுந்திருக்கிறதா என்று பார்க்க: முத்திரையின் கோடு தலையைத் தாண்டிக் கவரில் எங்கே முடிகிறது என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கோடு திடீரென்று நேர்கோட்டில் வெட்டியதுபோல் நின்றால் அங்கே இன்னொரு தலை இருந்தது. பசை இருந்த இடம் காகிதத்தில் கொஞ்சம் மினுங்கும். நம் மலை ஈரத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஜூன், ஜூலையில் எல்லாக் காகிதமும் மினுங்கும். ஜனவரி, பிப்ரவரியின் காய்ந்த நாட்களில் பாருங்கள்.

எமரால்டு

'டி' முத்திரை என்றதும் கேட்கிறேன். குறைவாகத் தலை ஒட்டிய கவரில் அபராதம் எப்படிக் கணக்குப் போடுவார்கள்? என்னிடம் உள்ளவற்றில் இரட்டிப்பு என்று போட்டால் சிலவற்றுக்குச் சரியாக வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை.

குந்தா

வராததெல்லாம் 1879 ஏப்ரலுக்கு முந்தியவையா என்று பாருங்கள் தம்பி.

பெர்ன் ஒப்பந்தத்தில் தலையே ஒட்டாத கடிதத்துக்கு இரட்டைக் கட்டணம். குறைவாக ஒட்டியதையும் ஒட்டாததாகவே எடுத்துக்கொண்டு, ஒட்டிய தலையின் மதிப்பை மட்டும் கழிப்பார்கள். பாரிஸ் ஒப்பந்தம் வந்தபின் குறையை மட்டும் இரட்டிப்பார்கள்.

கடல் கூடுதலை விட்டுவிட்டு ஓர் எடுத்துக்காட்டு. 50 சென்டைம் ஆகவேண்டிய இரட்டை எடைக் கடிதத்தில் 25 மட்டும் ஒட்டியிருக்கிறது. பெர்ன் விதிப்படி: 50-ன் இரட்டிப்பு 100, அதில் 25 கழித்தால் 75 சென்டைம். பாரிஸ் விதிப்படி: குறை 25, அதன் இரட்டிப்பு 50. ஒரே கடிதம், தேதியைப் பொறுத்து அபராதம் மாறும்.

இன்னொன்று, பெர்ன் காலத்தில் அந்த இரட்டிப்பு சேரும் நாட்டின் கட்டணப்படி. ஊட்டியில் ஒட்டவேண்டிய தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் சரிவராது. 'டி' பக்கத்தில் எழுதியிருக்கும் சென்டைம் எண்ணும் எல்லாக் காலத்திலும் ஒரே பொருளில் இல்லை. முதலில் தேதி, பிறகு எடை, அதிலிருந்து தொகையை வரவழையுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கிப் போகாதீர்கள்.

எமரால்டு

சரியாக வந்துவிட்டது, வராத இரண்டும் 1878. நன்றி அண்ணா.

இன்னொரு சந்தேகம். கப்பல் கூலியைக் கிலோ கணக்கில் கொடுத்தார்கள் என்றால் ஒவ்வொரு பையையும் எடை போட்டார்களா? அதோடு, புள்ளிவிவரம் எடுப்பது மே மாதம் என்று படித்தேன். மே என்றால் ஊட்டி சீசன். அந்தக் காலத்தில் சென்னை அரசாங்கமே மலைமேல் இருக்கும். அப்போது நம்மூர்த் தபால் வீங்கியிருக்குமே, அது கணக்கைப் பாதிக்காதா?

ஜக்கதளா

எல்லாப் பையையும் எடை போட்டால் தபால் போகாது, தராசுதான் போகும். அதற்காகத்தான் புள்ளிவிவர முறை. குறிப்பிட்ட 28 நாட்கள் மட்டும் எடை போட்டு, அதை ஆண்டுக்கு விரித்து, அந்தத் தொகையையே அடுத்த எடை வரை கொடுப்பார்கள். மே, நவம்பர் என்று மாற்றி மாற்றி வைத்ததே பருவ வித்தியாசம் ஒருபக்கமாகச் சாயக்கூடாது என்றுதான்.

ஊட்டி சீசன் பாதிக்காது. நிறுப்பது குன்னூரிலோ ஊட்டியிலோ இல்லை, வெளிநாட்டுப் பை கட்டும் பரிமாற்ற அலுவலகத்தில், நமக்குப் பம்பாய். கவர்னர் சென்னைக் கோட்டையிலிருந்து எழுதினாலும் ஊட்டியிலிருந்து எழுதினாலும் பம்பாய்த் தராசில் அதே எடைதான். ஊட்டி முத்திரை உள்ள வெளிநாட்டுக் கவர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதிகம் கிடைப்பதற்கு வேண்டுமானால் சீசன் காரணம்.

பெர்னில் உள்ள ஒன்றிய அலுவலகச் செலவையும் நாடுகள் பங்கிட்டன. ஏழு வகுப்பு. முதல் வகுப்பு 25 பங்கு, கடைசி வகுப்பு 1 பங்கு. 1906 ரோம் மாநாட்டு விதிகளில் இந்தியா முதல் வகுப்பு, பிரிட்டனுக்குச் சமமாக 25 பங்கு. கட்டபெட்டு அண்ணாவுக்கு இதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

கட்டபெட்டு

இருக்குங்க. ஓட்டு ஒண்ணு, செலவு 25. அந்த 25 யாரு பணம்? வரி கட்டினவன் பணம். நாற்காலிக்கு வாடகை மட்டும் சரியா வாங்கியிருக்காங்க.

சீகூர்

ஒப்புக்கொள்ள வேண்டிய பேச்சு. இந்தக் கவருக்கு அடுத்த பக்கத்தில் என்ன வைத்தால் கதை தொடரும்? 1891, 1898, 1900 மூன்று ஆண்டுகளிலும் கவர்கள் இருக்கின்றன. இடம் இரண்டு பக்கம்தான்.

குந்தா

1891-ஐ விடாதீர்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பிரிட்டன் தன் காலனிகள் எல்லாவற்றுக்கும் 2½ பென்ஸ் என்று இறக்கியது. அதே நாள் இந்தியாவும் 4½ அணாவை 2½ அணாவாக இறக்கியது. தலை அச்சிட நேரமில்லாமல் 4 அணா 6 பைத் தலையின்மேல் 2½ அணா என்று மேலச்சு அடித்தார்கள். பழைய கட்டணம், புதிய கட்டணம் இரண்டும் ஒரே தலையில் தெரியும். 2 அணா 6 பைத் தலை அடுத்த ஆண்டுதான் வந்தது.

1898 டிசம்பர் 25 பேரரசுப் பென்னி தபால். லண்டனுக்கு 1 அணா. அது ஒன்றியத்தின் முடிவல்ல, பேரரசுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. 1899-க்குப் பிறகு குன்னூரிலிருந்து லண்டனுக்கு 1 அணா, பாரிசுக்கு 2½ அணா என்று இரண்டு கவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவையில்லை. ரூபாய் அப்போது 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைத்துவிட்டது, அதனால் ஓர் அணாவுக்குச் சரியாக ஒரு பென்னி.

1900-ம் ஆண்டுக் கவரை நிறத்துக்காக மட்டும் பயன்படுத்துங்கள். 1897 வாஷிங்டன் மாநாடு 5 சென்டைமுக்குப் பச்சை, 10-க்குச் சிவப்பு, 25-க்கு நீலம் என்று சொன்னது. எந்த ஊர்க்காரர் பிரித்தாலும் மொழி தெரியாமலே கட்டணம் தெரியட்டும் என்பது நோக்கம். 1900-ல் இந்தியாவின் அரையணா பச்சை, 1 அணா சிவப்பு, 2½ அணா நீலம். மூன்று தலையும் ஒரு கவரில் இருந்தால் போதும், ஒரு வரியில் முடித்துவிடலாம்.

லவ்டேல்

1947-ஐயும் ஒரு வரியில் சேர்க்க முடிந்தால் சேருங்கள். பாரிஸ் மாநாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது 1947 ஜூலை 5. ஆகஸ்ட் 15-க்கு நாற்பத்தொரு நாள் முன்பு. 1876-ல் பெற்ற உறுப்பினர் இடம் அப்படியே தொடர்ந்தது, சுதந்திர இந்தியா புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. பாகிஸ்தான்தான் 1947 நவம்பர் 10 அன்று புதிதாகச் சேர்ந்தது.

சீகூர்

இப்படி எழுதலாமா பாருங்கள்:

'குன்னூர் – லண்டன், மார்ச் 1877. பிரிண்டிசி வழி, ½ அவுன்ஸ் வரை 6 அணா. இந்திய அஞ்சல் நிர்வாகம் பொது அஞ்சல் ஒன்றியத்தில் 1876 ஜூலை 1 முதல் உறுப்பினர். 25 சென்டைம் பொதுக் கட்டணத்துக்கு மேல் வாங்கிய தொகை, 1876 ஜனவரி 27 பெர்ன் ஏற்பாட்டின்படி நீண்ட கடல்வழிச் செலவுக்கானது. பின்பக்கம்: பம்பாய், கடல் தபால் நிலையம், லண்டன்.'

ஜக்கதளா

சரியாக இருக்கிறது. முத்திரைகளின் தேதிகளைக் கடைசி வரியில் சேருங்கள், நடுவர் கவரைத் திருப்பிப் பார்க்க முடியாது.

பின்பக்க நகல் வைப்பதானால் அசல் அளவில் வைக்காதீர்கள். வண்ண நகல் அசலிலிருந்து குறைந்தது 25 சதவீதம் அளவு வேறுபட வேண்டும் என்பது கண்காட்சி விதி. கடல் தபால் முத்திரை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி 75 சதவீதத்தில் வைத்தால் இடமும் மிச்சம். கவரை மூலைப்பிடியில் செருகுங்கள். ஒட்டும் நாடா வேண்டவே வேண்டாம்.